ஆஜர் சொன்னவர்களில் நானும்

கண்ணு,

உன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் எங்கள் சங்கத்துக்காரர்கள் வரிசை நிற்க மாட்டார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாக்காவிலிருந்து நீ வந்து இறங்கியதும் யாராவது உன்னிடம் சொல்லத்தான் போகிறார்கள். வயசாகிவிட்டது, வெயில் தாங்காது, முட்டி வலி என்று ஏதாவது காரணமும் சேர்த்துச் சொல்வார்கள். நம்பாதே. காரணம் நான். போனில் சொல்லப் பார்த்தேன். ஒருமுறை நீ தையல் ஹாலில் நின்றாய், மிஷின் இரைச்சல். அடுத்த முறை இரைச்சல் இல்லை. அப்போதும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வரிசை என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். சங்கத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பழைய ஆட்கள் ரெஜிமெண்ட் தொப்பி வைத்து, மெடல் குத்தி, வாசலில் இரண்டு பக்கமும் நிற்பார்கள். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வருவார்கள். பாதிப் பேருக்குக் கோட்டுப் பொத்தான் பூட்டாது. ஆனாலும் ‘சாவ்தான்’ என்று குரல் வந்ததும் எல்லா முதுகும் ஒன்றாக நிமிரும். காதர் பாய் மகள் கல்யாணத்தில் அதைப் பார்த்துவிட்டு நீ சாப்பிடக்கூட வராமல் வாசலிலேயே நின்றாய். உனக்கும் நிற்போம் என்று அன்று சொன்னேன். எங்கள் ஆட்கள் யாருக்கும் வரிசை மறுத்ததில்லை. குடித்துச் சீரழிந்தவன் மகனுக்கும் நின்றிருக்கிறோம். இப்போதுதான் முதல்முறை. அது உனக்கு வாய்த்தது என்னால்.

சங்கத்தை நீ எப்போதும் கொஞ்சம் கிண்டலாகத்தான் பார்த்தாய். நம் ஊர் ராயபுரத்தில் நூல் கடைக்கு மேலே ஒரு அறை, தகர நாற்காலிகள், சுவரில் கொடி. மாதக் கடைசி ஞாயிறு கூட்டம், டீ, வடை, இந்தியில் பழைய வசவுகள். அதற்குள் வேறொன்றும் நடக்கிறது. புருஷன் செத்துப் பென்ஷன் மாற்றத் தெரியாமல் நிற்கும் பெண்ணை யாராவது ஒருவர் அலுவலகம் அலுவலகமாக அழைத்துப் போவார். யார் இறந்தாலும் மழையோ வெயிலோ கொடியோடு போய்த் தோள் கொடுப்போம். வருடத்துக்கு ஒருமுறை, ரெஜிமெண்ட் பிறந்த நாளில், அந்த வருடம் போனவர்களின் பெயரைச் செயலாளர் எழுந்து வாசிப்பார். பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டால் ஆள் பதில் சொல்ல வேண்டும். இறந்தவர் எப்படிச் சொல்வார்? அவருக்காகக் கூடம் முழுவதும் சொல்லும். ‘ஆஜர்.’ பிறகு இரண்டு நிமிடம் மௌனம். இவ்வளவுதான் சடங்கு. நான்தான் செயலாளர். பல வருடமாக நான்தான் வாசித்தேன்.

ஹவில்தார் தங்கையாவைப் பற்றி உன்னிடம் பேசியதே இல்லை. ஏன் பேசவில்லை என்று இந்த மாதம் பூராவும் யோசித்தேன். பேசினால் நான் சின்னவனாகத் தெரிவேன். அதுதான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் புதுச் சிப்பாயாகப் பனி மலையில் போய் இறங்கியபோது அவர்தான் எங்களுக்கு மேலே. வாய் மோசம். ‘லே’ என்றுதான் எல்லாரையும் கூப்பிடுவார். சாயங்காலம் ஆனால் எங்களை வரிசையாக உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றச் சொல்வார். ஒவ்வொருவன் காலையும் எடுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்பார். வலிக்கிறது என்றால் நல்லது, உயிர் இருக்கிறது. வலிக்கவில்லை என்று சொன்னால்தான் அவர் முகம் மாறும். பெரியவர் ஒருவர் என் காலைத் தொடுகிறாரே என்று எனக்குக் கூசும். இழுத்துக்கொள்வேன். ஓங்கி ஒரு அடி விழும். எங்கள் கூட்டத்தில் பனிக்கு விரல் போகாமல் திரும்பியவர்கள் அவரிடம் இருந்தவர்கள்தான். நீ இன்று என் காலில் பார்க்கும் விரல்கள் அவர் பார்த்துக்கொடுத்தவை.

நான் நாயக்காக வெளியே வந்தேன். ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. பிறகு பேங்கில் காவல், அங்கேயே பரீட்சை எழுதிக் கிளார்க், இந்த வீடு. நாயக் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீ சின்னப் பிள்ளையாக என் தொப்பியை மாட்டிக்கொண்டு, ‘அப்பா, நீ எத்தனை பேரைச் சுட்டே?’ என்று கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. யாரையும் சுட்டதில்லை. சும்மா இருந்தேன். நீ அந்த மௌனத்தைப் பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சொன்னாய். வாத்தியார் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லாமலே பொய்யின் பலனை வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதே வந்துவிட்டது போலிருக்கிறது.

பெண் பார்த்து வந்த அன்று சம்பந்தி என்னைத் தன் தம்பிக்கு அறிமுகப்படுத்தினார். ‘இவருங்க மிலிட்டரில ஆபீசரா இருந்தவருங்க.’ நான் சிரித்தேன். திருத்தவில்லை. உறுதி வார்த்தைக்கு வந்தவர்களிடம் அதையே சொன்னார். அப்போதும் சிரித்தேன். பத்திரிகை அச்சாகி வந்தபோது என் பெயருக்குக் கீழே ‘இராணுவ அதிகாரி (ஓய்வு)’ என்று இருந்தது. உன் அம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பத்திரிகை மூலைகளில் மஞ்சள் தடவப் போய்விட்டாள். நீ அந்த வீட்டுக்கு மருமகனாகப் போகிறாய். அவர்கள் நல்லவர்கள். வசதியானவர்களும்கூட. உன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைக் கூட்டிச் சொல்வார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள். முதல் தடவையே திருத்திவிடு. இரண்டாவது தடவை திருத்துவது கஷ்டம். மூன்றாவது தடவை முடியாது.

இனி சம்பந்தியின் கம்பெனி கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தி தன் புது பனியன் யூனிட்டைக் காட்ட என்னைக் காரில் கூட்டிப்போனார். மண்ணரை தாண்டி. கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். செக்யூரிட்டிக்காரர்கள் வைக்கும் சல்யூட்டை நீ பார்த்திருக்கிறாய், நெற்றியில் ஈ ஓட்டுவது மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. முழங்கை நின்ற இடத்தைப் பார்த்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். நீலச் சட்டை, தளர்ந்த கழுத்து, அவர்தான். தங்கையா. குனிந்து காருக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். கையை இறக்கவில்லை.

‘புதுசா போட்டிருக்கோமுங்க சம்பந்தி. எக்ஸ் மிலிட்டரி. சல்யூட் பாருங்க, எப்புடி அடிக்கறான்! உங்களுக்குத்தான் போல’ என்றார் சம்பந்தி.

சிரித்தேன்.

கார் உள்ளே போய்விட்டது. யூனிட் முழுவதும் சுற்றிக் காட்டினார். ஜெர்மனி மிஷின், ஏசி அறை, பீகார்ப் பையன்கள் தங்கும் இடம். நான் ஆமாங்க, ஆமாங்க என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். திரும்பி வரும்போது இறங்கிப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். வரும்போது அவர் லாரிக்காரனிடம் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம். திரும்பவே இல்லை. எனக்காகத்தான் திரும்பவில்லை என்பது அப்போதே தெரியும். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நான் மறக்கக்கூடாது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சங்கத்துக் கமிட்டி கூடியது. பிறந்த நாளுக்கு யார் யார் பெயர் வாசிப்பது என்று பேச்சு. பொருளாளர் ராமசாமி, பல்லடத்துக்காரர், சொன்னார்: ‘நம்ம தங்கையா அண்ணனுக்கு அனுப்பிச்ச அழைப்புக் கார்டு போன வருசமும் திரும்பிருச்சு, இந்த வருசமும் திரும்பிருச்சுங்க. கோயமுத்தூர் மிலிட்டரி கேண்டீன்ல ஒருத்தர் சொன்னாருங்க, மண்ணரையில ஒரு பழைய ஹவில்தார் நெஞ்சு வலியில தவறிட்டாராமா. அவராத்தான் இருக்கோணும்.’

காதர் பாய், நம் காதர் பாய்தான், என் பக்கம் திரும்பினார். ‘நீங்கதான் சம்பந்தி வூட்டு வேலையா மண்ணரைக்கு வாராவாரம் போறீங்களே. ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?’

அந்த ஒரு நொடியில் என்னென்ன ஓடியது என்று முழுதாகச் சொல்கிறேன். இந்த வருடச் சாப்பாட்டுச் செலவு சம்பந்தியுடையது. அவர்தான் சிறப்பு விருந்தினர். தங்கையா உயிரோடிருக்கிறார் என்று சொன்னால் போய் அழைத்து வா என்பார்கள். மூத்தவர், முதல் வரிசையில் உட்காரவைப்பார்கள். நான் அவர் முன்னால் போய் விறைத்து நிற்க வேண்டும். அவர் என்னை ‘லே’ என்பார். மேடையில் சம்பந்தி பார்த்துக்கொண்டிருப்பார், தன் கேட்டு வாட்ச்மேனையும், தன் ஆபீசர் சம்பந்தியையும்.

‘தெரியலீங்க’ என்றேன்.

ராமசாமி பேனாவை எடுத்தார்.

இன்னும் பதினைந்து நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். ஒரு போன். ‘விசாரிச்சேனுங்க, ஆள் இருக்காருங்க’ என்று ஒரு வரி. கேட்டைக் குறிப்பிடவே வேண்டியதில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கூடத்தில் ஒலிபெருக்கி முன்னால் நின்றபோதுகூட அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போயிருக்கலாம். வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. கூடம் சொன்னது, ‘ஆஜர்.’ நானும் சொன்னேன். பிறகு எல்லாரும் தலை குனிந்து நின்றோம். வெளியே வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அப்போது மூன்று மைல் தள்ளிக் கேட்டில் நின்றிருப்பார். சம்பந்தி என் பக்கத்தில் கண்ணை மூடி நின்றார். தன் வாட்ச்மேனுக்குத்தான் மௌனம் காக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. வாட்ச்மேனின் பெயர் அவருக்குத் தெரியாது. சாப்பிடும்போது கேட்டார்: ‘ஏனுங்க சம்பந்தி, எல்லாப் பேரையும் ஒரே மாதிரி வாசிச்சீங்க, அந்தத் தங்கையாங்கறப்ப மட்டும் கொஞ்சம் நிறுத்துனீங்களே. ரொம்ப வேண்டியவருங்களா?’

‘ஆமாங்க.’

இதற்கு மேலும் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை நான் மறந்திருந்தேன் என்று சொல்ல ஆசை. மறக்கவில்லை. பெயர் வாசித்த அடுத்த ஞாயிறு மலர் வளையமும் சால்வையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அம்மாவுக்குச் சால்வை போட்டு, பென்ஷன் விஷயம் கேட்டு வர வேண்டும். காதர் பாய் தன் வேனை எடுத்தார். ராமசாமி முன்னால். நான் பின்னால், மடியில் மலர் வளையம். தங்கையா டூட்டியில் இருப்பார், அந்த அம்மாவே ‘இருக்காரே’ என்று சொல்லிவிடுவார், அவர் முகத்தைப் பார்க்காமலே எல்லாம் சரியாகிவிடும். இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தேன். நொய்யல் பாலம் தாண்டியபோது ராமசாமி, ‘நல்ல மனுசனுங்க. ஒருக்காக் கூட வந்து பாக்காம வுட்டுட்டோம்’ என்றார். நான் வெளியே பார்த்தேன். அன்று ஆற்றில் சாயத் தண்ணீர் ஊதா நிறம்.

லைன் வீடு. மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டதும், பொதுக் குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு அம்மாவைக் காட்டி, அவர் மனைவி என்றார்கள். காதர் பாய் தொப்பியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, ‘அம்மா, நாங்க தங்கையா அண்ணனோட ரெஜிமெண்ட் ஆளுங்க. ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. மனசைத் தேத்திக்கணும்’ என்றார்.

அந்த அம்மா வளையத்தைப் பார்த்தார். பிறகு எங்களை. குடத்தைக் கீழே வைத்தார்.

‘யாருக்குய்யா மாலை?’

ராமசாமி சால்வையோடு ஒரு அடி முன்னால் வைத்தார்.

‘அவுக உள்ள தூங்குதாக. இந்த வாரம் நைட்டு டூட்டி, முடிச்சு வந்து கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்காக. எந்தச் சண்டாளன்யா உங்களுக்குச் சொன்னான்? எந் தாலிய அறுக்கவா தொப்பி போட்டுட்டு வந்தீக?’ லைன் வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. ‘எடுத்துட்டுப் போங்க முதல்ல. எங்க வாசல்ல அது படக்கூடாது.’

சத்தம் கேட்டு அவர் வந்தார். லுங்கி, தோளில் துண்டு. வளையத்தைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ‘பெரிசாத்தாம்லே இருக்கு. பூவெல்லாம் நல்ல பூவாட்டுத் தெரியுது.’

ராமசாமி கை கூப்பிவிட்டார். ‘மன்னிச்சுப்போடுங்க அண்ணா. தப்பு நடந்துபோச்சுங்க. கேள்விப்பட்டதை நம்பிட்டமுங்க.’

‘பேரு வாசிச்சாச்சா?’

‘வாசிச்சாச்சுங்க.’

‘யாரு வாசிச்சது?’

‘நான்தான் ஹவில்தார் ஸாப்’ என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘எல்லாவனும் ஆஜர் சொன்னானா?’

‘சொன்னாங்க.’

‘நீ?’

‘சொன்னேன்.’

‘சரி’ என்றார். காதர் பாய்க்குத் தாங்கவில்லை. ‘ஏண்ணே, இவரு வாராவாரம் இந்தப் பக்கம்தான் வர்றாரு. உங்களைக் கண்ணுல பாத்ததே இல்லையா?’

தங்கையா துண்டை உதறித் தோளில் போட்டார். ‘எங்க பாக்க? நான் ராத்திரியில கெடக்கேன், அவன் பகல்ல போறான்.’ அதோடு விட்டார். பிறகு சொன்னார்: ‘இனிமே கார்டு அனுப்பாதீக. ஒருக்கா வாசிச்சாச்சில்லா. ஒருத்தன் பேரை ரெண்டு தடவை வாசிக்க வேண்டாம்.’

காதர் பாயும் ராமசாமியும் வேனுக்கு நடந்தார்கள். அவர் என்னோடு குழாயடி வரை வந்தார். அடங்கிய குரலில் பேசினார். ‘மொதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டப வாசல்ல எனக்கு டூட்டி போட்டிருக்காக. நீ பயப்படாதலே. உன்னைத் தெரியும்னு நான் காட்டிக்க மாட்டேன்.’

கண்ணு, இதோடு நின்றிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. அவர் தந்த வாக்கை வைத்துக்கொண்டு கல்யாணத்தை முடித்திருப்பேன். ஆனால் எனக்கு அதுவும் போதவில்லை. வாசலில் அவர் நிற்க, இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் நிற்க, அவர்கள் அவரைப் பார்க்க. அந்தப் படம் கண்ணிலேயே நின்றது. மறுநாள் சம்பந்திக்குப் போன் போட்டேன். தங்கையாவுக்கு வேறு இடத்தில் டூட்டி போடச் சொல்லலாம் என்று.

‘உங்க கேட்டுல அந்த வாட்ச்மேன்...’ என்று தொடங்கினேன்.

‘என்னங்க சம்பந்தி, ஏதாச்சும் மரியாதை இல்லாம நடந்துக்கிட்டானுங்களா?’

இல்லீங்க என்று சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டேன். அவர் அந்த இடைவெளியைத்தான் கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் எனக்கு ஒரு உபகாரம் செய்த சந்தோஷம். ‘அந்த ஆளை மாத்தியாச்சுங்க. செக்யூரிட்டி ஏஜென்சில சொல்லித் தூக்கிட்டோம். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.’

போனை வைத்துவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உன் கல்யாணத்துக்கு வந்த பட்டுச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள். ‘ஒரு மனுசன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே’ என்றாள். அன்று எனக்குத் தட்டு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மண்ணரைக்குப் போனேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். ஏஜென்சி அவரை உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் காற்றாலைக் காவலுக்கு அனுப்பியிருக்கிறது. சம்பளம் குறைவு. வீட்டுக்கு எப்போதாவதுதான் வர முடியும். ‘தனியா பொங்கித் தின்னுட்டுக் கெடக்காக. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?’ என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லித் திரும்பினேன்.

மாதக் கடைசி ஞாயிறு. கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கேட்டிலிருந்து போன் வரை. யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காதர் பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் யாரோ, வாசித்த பெயரைத் திருப்பி வாங்க ஏதாவது முறை இருக்கிறதா என்று கேட்டார். பட்டாளத்தில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. இதற்கு இல்லை. பிறகு ராமசாமி பேசினார். ‘நீங்க இனி வாசிக்க வேண்டாமுங்க.’ சரி என்றேன். ‘கல்யாணத்துக்கு வர்றமுங்க. பையன் நம்ம பையன். வந்து வாழ்த்திச் சாப்பிட்டுப்போட்டுப் போறோம். ஆனா வரிசை நிக்க மாட்டமுங்க. தங்கையா அண்ணன் இல்லாம அந்த வாசல்ல எப்புடிங்க நிக்கறது?’

அவர்கள் கோபத்தை உன் மேல் காட்டவில்லை. கவனி. தொப்பி இல்லாமல், மெடல் இல்லாமல், மற்ற விருந்தாளிகளைப் போல வருவார்கள். அவர்களை நீ ஒருவர் விடாமல் கும்பிட வேண்டும்.

அடுத்த நாள் சம்பந்தியின் ஆபீசுக்குப் போனேன். டீ வரச் சொன்னார். டீ வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அவர் பேப்பர் வெயிட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அது நின்றது. ‘அப்ப நீங்க ஆபீசர் இல்லீங்களா?’ என்று கேட்டார்.

‘இல்லீங்க. நாயக். அவரு எனக்கு மேல.’

‘பத்திரிகையில போட்டாச்சுங்களே.’

‘ஆமாங்க.’

அவர் கெட்டவர் இல்லை. ‘அவரை இன்னைக்கே கூப்புட்டுக்கலாமுங்க’ என்றார். முதல்முறையாக ‘அவரை’. ஏஜென்சிக்குப் போனும் போட்டார். தங்கையா வர மறுத்துவிட்டதாகச் சாயங்காலம் பதில் வந்தது. இனி சம்பந்தி என்னிடம் முன்போலப் பேச மாட்டார். மரியாதை இருக்கும், நெருக்கம் இருக்காது. உன் மனைவி வீட்டில் உன் அப்பாவைப் பற்றி ஒரு பேச்சு இருக்கும். அதைக் கேட்க நேர்ந்தால் சண்டைக்குப் போகாதே. அது உண்மை.

நேற்று உடுமலைக்குப் பஸ் ஏறினேன். இறங்கி வெகு தூரம் நடக்க வேண்டும். தென்னந்தோப்பு முடிந்ததும் வெறும் கரட்டு மேடு, காற்றாடிகள். கீழே ஒரு தகரக் கொட்டகை. அவர் வெளியே கல் கூட்டி உலை வைத்திருந்தார். காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும், ‘வாலே. இங்கேயும் மாலை கொண்டாந்தியா?’ என்றார்.

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன், போன் செய்ததையும். கேட்டில் பார்த்ததற்கு அவர் அசையவில்லை, அது தெரிந்ததுதான். போன் விஷயத்துக்கு அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. ‘நான்தான் வாக்கு கொடுத்தேம்லா. அதுகூடப் பத்தலையா உனக்கு?’ என்றார். அந்த ஒரு கேள்விதான்.

பத்திரிகையை நீட்டினேன். கல்யாணத்துக்கு வர வேண்டும், டூட்டிக்கு இல்லை, விருந்தாளியாக, வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு என்றேன். வாங்கினார். தூரத்தில் பிடித்து வாசித்தார். என் பெயருக்குக் கீழே வந்ததும் நிறுத்தினார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

‘நான் வந்து பந்தியில உக்காருவேன். பக்கத்துல இருக்கவன் இவரு யாருன்னு உன்கிட்ட கேப்பான். என்னன்னு சொல்லுவ?’

‘உண்மையைச் சொல்வேன்.’

‘உண்மைன்னா என்ன? சொல்லிக் காட்டு.’

‘இவரு ஹவில்தார் தங்கையா. நான் இவருக்குக் கீழ சிப்பாயா இருந்தேன்.’

‘காத்துல கேக்கல. இன்னொருக்கா.’

சொன்னேன்.

‘கேக்கலலே.’

கத்தினேன். அந்தக் கரட்டில், தலைக்கு மேல் காற்றாடி சுற்ற, இந்த வயதில், கையை உடம்போடு ஒட்டி விறைத்து நின்று கத்தினேன். தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மறுபடி மறுபடி கேட்கவில்லை என்றார். தொண்டை கட்டியது. நிறுத்து என்று அவர் சொல்லவே இல்லை. கடைசியில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வருவேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சோறு வெந்ததும் எனக்கும் போட்டார். சாப்பிட்டோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர்தான் சொன்னார்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஒரு உதவி கேட்கிறேன். அவர் வந்தால், உனக்கு அடையாளம் தெரியும். முதுகைப் பார், போதும். அப்போது நீ மேடையை விட்டு இறங்கி வா. பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. உன் மாமனார், அவர் தம்பி, எங்கள் ஆட்கள், எல்லாரும் இருக்கும் இடத்தில் என்னைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேள்: ‘அப்பா, இவர் யார்?’

நீ கேட்டுவிடு, கண்ணு. கேட்காமல் விட்டால் நானாகச் சொல்வேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

அப்பா